சின்னவருக்கு நீலக் கம்பி

சுருளிவேல் மனிதர்களை இரண்டு வகையாகத்தான் பிரிப்பான். கரண்டு தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். முதல் வகையில் அவன் ஒருவன்தான் இருந்தான். முதலமடையிலிருந்து கொல்லங்கோடு வரைக்கும் உள்ள மற்ற அத்தனை பேரும், மாந்தோப்புக்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், காரில் போகிற வக்கீல் உட்பட, இரண்டாவது வகை. ஒரு வீட்டுக்குள் நுழைந்து சுவிட்சுப் பலகையை ஒரு தரம் பார்த்தால் போதும், வீட்டுக்காரருக்கு மூளை எந்த அளவு என்று சொல்லிவிடுவான். எல்லா வீட்டிலும் கதை ஒன்றுதான். இஸ்திரிப் பெட்டி, ரேடியோ, விசிறி, மாட்டுக்கொட்டகை பல்பு என்று இருக்கிறதை எல்லாம் ஒரே கம்பியில் மாட்டித் தொங்கவிட்டுவிட்டு, பக்கத்துக் கம்பியைச் சும்மா வைத்திருப்பார்கள். அப்புறம் அடிக்கடி பீஸ் போகிறது என்று ஆள் அனுப்புவார்கள்.

"ஒத்த மாட்டு மேல ஊரையே ஏத்திப்புட்டு, மாடு படுத்துருச்சேன்னு மாட்ட வையுறாய்ங்க," என்பான் வீட்டுக்கு வந்ததும். "ஒரு கம்பி இம்புட்டுத்தான் தாங்கும்னு ஒருத்தனுக்காவது தெரியுதா? மாங்கா எண்ணத் தெரியும். வேற என்ன தெரியும் இவிங்களுக்கு?"

"ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, சாப்புடுங்க," என்பாள் முத்துப்பேச்சி. அவன் மனைவி. மாங்காய்க் கூடைக்கு வைக்கோல் வைத்துக் கட்டுகிற கொட்டகையில் அவளுக்கு வேலை. புருஷனின் பெருமைப் பேச்சைப் பதினோரு வருஷமாகக் கேட்டுக் காது புளித்துப்போனவள்.

யாராவது 'தெரியாது' என்று சொன்னால் போதும், சுருளிவேலுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அவன் தொழில் கற்றது கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில். ஓடையிலிருந்து நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் அவன் பொறுப்பில் இருந்தது. மோட்டார் அளவுக்கு மீறி முக்கினால் தானாக நிறுத்திவிடுகிற ஒரு சின்னக் கருவி ஸ்டார்ட்டருக்குள் உண்டு. ஓவர்லோடு என்பார்கள். அது அடிக்கடி நிறுத்துகிறதே என்று தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்கு எரிச்சல். சுருளிவேல் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள் அந்த மகானுபாவன் ஒரு மூங்கில் சிம்பைச் செருகி அதன் வாயை அடைத்துவிட்டான். மோட்டார் எரிந்தது. விசாரித்த துரையிடம், "எனக்கு இந்தக் கரண்டு சமாசாரமெல்லாம் ஒண்ணுமே தெரியாதுங்க," என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பாவம், தெரியாதவன் என்று அவனை விட்டுவிட்டார்கள். தெரிந்தவன் ஏன் கவனிக்கவில்லை என்று சுருளிவேலின் சீட்டைக் கிழித்து அனுப்பினார்கள். கம்பம் பக்கமெல்லாம் 'மோட்டார் எரிச்சவன்' என்று பெயர் பரவி, ஒரு பல்பு மாட்டக்கூட ஒருவரும் கூப்பிடாமல் போன பிறகுதான் மனைவியோடு முதலமடைக்கு வந்து சேர்ந்தான். வந்த இடத்தில் இன்றுவரை அவன் தொட்ட எதுவும் எரியவில்லை. அந்த ஒரு பெயர்தான் அவனுடைய சொத்து.

"இங்கயும் ஒண்ணு எரிஞ்சுதுன்னு வைங்க, அப்பறம் போறதுக்கு மலை பாக்கியில்ல," என்று முத்துப்பேச்சி சொல்லுவாள். அவள் வேடிக்கையாகச் சொல்வதில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் கோவிந்தாபுரம் ரோட்டில் ஒரு பெரிய தோட்டக்காரர் இறந்துபோனார். பதினெட்டு ஏக்கர், ஒரு கிணறு, ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று, நீளமான வீடு ஒன்று, பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவர் கந்தப்பன், நடுவுள்ளவர் சென்னிமலை, கடைசி அப்புசாமி. காரியம் முடிந்த பதினாறாம் நாளே பாகம் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்குக் குறுக்கே இரண்டு சுவர் எழும்பியது. நிலம் மூன்றானது. கிணற்றை அறுக்க முடியாதென்பதால் ஆளுக்கு ஒரு நாள் முறைத் தண்ணீர் என்று பேசிக்கொண்டார்கள். அதுவரைக்கும் ஊர் வழக்கம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு மேல்தான் அவர்களுடைய புத்தி வேலை செய்தது. கரண்டு மூன்று கம்பியில் வருகிறது என்று யாரோ பத்திரம் எழுதுகிறவரின் காதில் போட்டுவிட்டார்கள். நாமும் மூன்று பேர், கம்பியும் மூன்று, இதைவிடக் கச்சிதமாகக் கடவுளே பிரித்துக் கொடுக்க முடியாது என்று அண்ணன் தம்பிகள் பூரித்துப்போனார்கள். 'மோட்டார் பொது. மின்சாரக் கம்பி மூன்றும் ஆளுக்கு ஒன்று' என்று பத்திரத்தில் எழுதிப் பதிவும் செய்துவிட்டார்கள்.

கம்பியைப் பிரித்துக் கொடுக்கச் சுருளிவேலை அழைத்தார்கள்.

மோட்டார் ரூமில் நின்று பத்திரத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டபோது அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விளக்குக்கும் விசிறிக்கும் ஒரு கம்பி போதும். ஆனால் அந்த மோட்டார் மூன்று கம்பியிலும் கரண்டு சேர்ந்து வந்தால்தான் சுற்றும். அதைத்தான் இந்த மூன்று அறிவாளிகளும் கூறுபோட்டிருந்தார்கள்.

"மூத்தவனுக்குச் செவப்பு," என்றார் கந்தப்பன். மீசையும் தொந்தியுமாக நின்றுகொண்டு, சிவப்பு நாடா சுற்றிய கம்பியைக் கைத்தடியால் காட்டினார். "குங்கும நெறம். அதுல பேச்சே வேண்டாம்."

"அப்ப மஞ்சள் எனக்கு. மங்களமான நெறம்," என்று சென்னிமலை முந்திக்கொண்டார்.

மிச்சம் நீலம். நீலம் சனிக்கு உகந்தது என்று இருவருக்கும் நன்றாகத் தெரியும். இரண்டு பேரும் தம்பியைப் பார்த்தார்கள்.

"செரிங்கண்ணா," என்றான் அப்புசாமி. "எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதானுங்க."

அந்த நிறங்கள், எந்தக் கம்பி எது என்று அடையாளத்துக்காக ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சுருளிவேலே தன் பையிலிருந்து எடுத்துச் சுற்றிய துணி நாடாக்கள். கழற்றி மாற்றிச் சுற்றினால் சனி மூத்தவருக்குப் போய்விடும். இதை அன்றைக்கு முத்துப்பேச்சியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

வேலையைச் சரியாகச் செய்ய ஒரு வழி இருந்தது, அது அவனுக்குத் தெரியவும் தெரியும். மோட்டாருக்கென்று மூன்று பீஸ் கட்டைகளைத் தனியாக ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். வீட்டுக்குப் போகிற மூன்று கம்பிக்கும் வேறு மூன்று கட்டை. அப்போது எவன் கோபம் வந்து கட்டையைப் பிடுங்கினாலும் அவன் வீடு மட்டும்தான் இருட்டாகும், மோட்டாருக்கு ஒன்றும் வராது. அரை நாள் வேலை கூடும், அவ்வளவுதான். சொல்லத் தொடங்கினான்.

"மொதலாளி, மோட்டாருக்கு மூணு கம்பியும் சேந்து வேணும். ஆளாளுக்குக் கட்டையக் கையில குடுத்தா..."

"ஏப்பா, எழுதுனது எழுதுனதுதான்," என்று கந்தப்பன் வெட்டினார். "அவனவன் கட்டை அவனவன் கைக்கு வரோணும். உன்ர யோசனைய ஆரு கேட்டா? சொன்ன வேலையச் செய்யி."

அவ்வளவுதான். சுருளிவேல் வாயை மூடிக்கொண்டான். இன்னொருவனாக இருந்தால் இன்னும் ஒரு தரம் சொல்லியிருப்பான், கெஞ்சியாவது சொல்லியிருப்பான். இவனுடைய தலைக்கனம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இந்த முட்டாள்களுக்கு நல்ல வேலை ஒரு கேடா என்று முடிவு கட்டிவிட்டான். மூன்று கட்டை, மூன்று கம்பி, அதிலிருந்தே வீட்டுக்கும் மோட்டாருக்கும் என்று அவர்கள் கேட்டபடியே இழுத்துக் கொடுத்தான்.

ஆனால் மோட்டார் எரிந்தால் பெயர் கெடுவது தனக்கல்லவா? அதற்கு ஒரு உபாயம் செய்தான். ஸ்டார்ட்டருக்குள் காயில் என்று ஒன்று இருக்கும். அதில் கரண்டு இருக்கிறவரைக்கும் ஸ்டார்ட்டர் பிடித்துக்கொண்டிருக்கும், மோட்டார் ஓடும். கரண்டு போனால் விட்டுவிடும், மோட்டார் நின்றுவிடும், ஒரு சேதமும் இல்லை. அந்தக் காயிலுக்கு இரண்டு கம்பி போதும். மூன்றில் எந்த இரண்டு என்பது கட்டுகிறவன் இஷ்டம். காயிலில் சேராத மூன்றாவது கம்பி போனால்தான் ஆபத்து. ஸ்டார்ட்டருக்கு அது தெரியவே தெரியாது. மோட்டார் மிச்சமுள்ள இரண்டு கம்பியில் முக்கி முனகி ஓடி உள்ளே கருகிவிடும்.

ஆக, மூன்று சகோதரர்களில் கட்டையைப் பிடுங்கக்கூடிய இரண்டு பேர் யார், பிடுங்கவே மாட்டாத ஒருத்தர் யார்? சுருளிவேல் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தான். கந்தப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம். சென்னிமலை உள்ளுக்குள் குமைகிற ஆள், குழி பறிக்கிறவர். அப்புசாமியோ சுத்தப் பிள்ளைப்பூச்சி. கூலிக்கு வந்த வயர்மேனைக்கூட 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவான், வரும்போதும் போகும்போதும் கும்பிடுவான். அந்தக் கும்பிட்டைச் சுருளிவேல் ஒரு நாளும் திருப்பிக் கொடுத்ததில்லை. தலையைக்கூட ஆட்டமாட்டான். பாகம் பிரிந்ததும் அண்ணன்மார் இருவரும் காளைகளை விற்றுவிட்டார்கள். அப்புசாமி மட்டும் தன் ஜோடியையும், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற பழைய தோல் சால் ஒன்றையும் விடாமல் வைத்திருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "இருக்கட்டுமுங்க, ஒரு ஓரமா," என்றான். கரண்டு வந்த தோட்டத்தில் மாடு பூட்டி இறைக்கிறவன் என்று ஊரே சிரித்தது. சுருளிவேல் கொஞ்சம் உரக்கவே சிரித்தான்.

காயிலைச் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் கட்டினான். நீலத்தை விட்டுவிட்டான்.

மூன்று வருஷம் அந்த ஏற்பாடு அப்படியே நின்றது. வாய்க்கால் கரை, மாங்காய்க் காம்பு, மாட்டுச் சாணி என்று எதிலாவது சண்டை வரும். கந்தப்பன் தன் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவார். காயில் செத்து மோட்டார் நிற்கும். நாலு பேர் போய்ச் சமாதானம் சொன்னால் திரும்ப மாட்டுவார். ஒரு தை மாதம் சென்னிமலை தன் கட்டையோடு பழனிக்கே போய்விட்டார். மொட்டை போட்டு, பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் வந்துதான் மாட்டினார். அதுவரைக்கும் அவர் வீட்டிலேயே விளக்கெரியவில்லை, அவர் மனைவி சிம்னி வைத்துக்கொண்டு சோறாக்கினாள். அண்ணனுக்குத் தண்ணீர் போகக்கூடாது, அதற்காகத் தன் வீடு இருட்டாய்க் கிடந்தாலும் சம்மதம். இப்படிப்பட்ட மனிதர்கள்தான்.

இதே சென்னிமலை ஒரு நாள் ஓவர்லோடு கருவிக்குள் ஈர்க்குச்சியைச் செருகிவைத்தார். கம்பம்மெட்டுக் கணக்குப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட தம்பியோ என்னவோ. சுருளிவேல் பார்த்துவிட்டு எடுத்துப் போட்டான். மறுபடியும் செருகினார். மறுபடியும் எடுத்தான். மூன்றாம் தரம் பார்த்தபோது குச்சியைத் தொடவில்லை. "ஒனக்கெல்லாம் சொல்லிக்குடுத்து என்ன ஆகப்போகுது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டான். தன் காயில் கட்டு இருக்கிறவரை ஒன்றும் ஆகாது என்று அவனுக்கு அத்தனை நம்பிக்கை.

எழுபத்தாறு கோடை கடுமையாக இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிற மழை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது என்பது தெரிந்த சங்கதிதான், ஆனால் அந்த வருஷம் கிணற்றிலேயே தண்ணீர் கடைசிப் படிக்கு இறங்கிவிட்டது. அதே சமயம் சுருளிவேலுக்கு ஒரு நல்ல காலம் வாசல்வரை வந்து நின்றது. கந்தப்பனின் மச்சினர் கொல்லங்கோட்டில் புதிதாக ஒரு அரிசி மில் கட்டிக்கொண்டிருந்தார். பதினாறு மோட்டார், முழு வயரிங்கும் சுருளிவேலுக்குத்தான் என்று கந்தப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். "நம்ம ஆளு தொட்டது எரியாது," என்று அவர் மச்சினரிடம் சொன்னாராம். சுருளிவேலுக்கு அதைக் கேட்டதிலிருந்து தரையில் கால் பாவவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்புசாமி வந்தான். சுருளிவேல் வாசலில் உட்கார்ந்து யாருடைய இஸ்திரிப் பெட்டியையோ பிரித்துக்கொண்டிருந்தான். அப்புசாமி கும்பிட்டான். இவன் நிமிரவில்லை. முத்துப்பேச்சிதான் முக்காலியை எடுத்துப் போட்டாள்.

"ஏனுங்க வயர்மேன், ஒரு சந்தேகம் கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"நடு அண்ணன் என்ர முறையில அஞ்சு வாட்டி தண்ணி உட்டுட்டாருங்க. கேட்டா, கடலை காயுதுங்கறாரு. எனக்கு ஒட்டு மாங்கன்னு நூத்தியிருவது இருக்குதுங்க, இப்பத்தான் நட்டது. அதுவும் காயுதில்லீங்களா? பெரியண்ணங்கிட்டச் சொன்னா, நீ பொறுத்துக்கடாங்கறாரு. பத்திரத்துல எனக்கும் ஒரு கம்பி எழுதியிருக்குது. அதை வெச்சு நான் ஏதாச்சும் பண்ண முடியுமுங்களான்னுதான்..."

சுருளிவேல் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். எதிர் வீட்டுக்காரன் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான்.

"சின்ன மொதலாளி, ஒங்க அண்ணன் ரெண்டு பேருக்கும் பயந்துதான் நான் காயிலச் செவப்புக்கும் மஞ்சளுக்கும் குடுத்துருக்கேன். அவிங்க கட்டையப் புடுங்குனா மோட்டாரு நின்னு போகும், கெடாது. ஒங்க நீலத்த மட்டும் எதுக்கு விட்டேன் தெரியுமா? நீலத்துல காயிலு இல்ல. அதப் புடுங்குனா மோட்டாரு நிக்காது, உள்ளுக்குள்ளயே எரிஞ்சுரும். ஆனா நீங்க எங்க புடுங்கப் போறீக? ஒங்களப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும். அந்தத் தைரியமெல்லாம் ஒங்க சாதகத்துலயே கெடையாது."

"ஓஹோ," என்றான் அப்புசாமி. அவனுக்குக் கோபம் வந்த மாதிரியே தெரியவில்லை. பாடம் கேட்கிறவன் மாதிரி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "செவப்பு மஞ்சளப் புடுங்குனா நின்னுபோகும். நீலத்தப் புடுங்குனா நிக்காது. அப்பிடித்தானுங்களே?"

"அப்பிடித்தான்."

"அந்த ஓவர்லோடுன்னு ஒண்ணு இருக்குதுங்களே, அது நிறுத்தாதுங்களா?"

"அதுலதான் ஒங்க அண்ணன் குச்சியச் செருகி வச்சுருக்காரே! மேதாவி!"

"அப்ப எரியறதுக்கு எவ்வளவு நேரமாகுமுங்க?"

"அரை மணி நேரம். ஏன், பஞ்சாங்கம் பாத்து நல்ல நேரத்துல புடுங்கப் போறீகளா?" என்று சுருளிவேல் மறுபடியும் சிரித்தான். "போங்க, போய் அண்ணன்மாரு கால்ல விழுந்து ரெண்டு கொடம் தண்ணி கேளுங்க."

அப்புசாமி எழுந்தான். கும்பிட்டான். "ரொம்ப உபகாரமுங்க. வர்றனுங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் முத்துப்பேச்சி சொன்னாள்: "அந்த மனுசன் சிரிக்கவே இல்ல, பாத்தீகளா? ஒண்ணொண்ணாக் கேட்டு மனசுல எழுதிக்கிட்டுப் போறாரு."

"கிள்ளுக்கீரை," என்றான் சுருளிவேல். "அவனாவது, புடுங்கவாவது."

புதன்கிழமை அப்புசாமியின் முறை. அன்றைக்கும் சென்னிமலை விடிந்ததும் வந்து பித்தானை அழுத்தித் தன் கடலைக்கு மடை திருப்பிவிட்டு, மண்வெட்டியோடு தூரத்துப் பாத்திக்குப் போய்விட்டார். அப்புசாமி மோட்டார் ரூமுக்குள் போனான். நீல நாடா சுற்றிய கட்டையை இழுத்தெடுத்து இடுப்புத் துண்டில் முடிந்துகொண்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்தான். மோட்டார் சத்தம் மாறியது. வாய்க்காலில் தண்ணீர் மெலிந்தது. சென்னிமலை என்னவென்று பார்க்க நடந்து வருவதற்குள் பருத்தி நாடாவும் வார்னிஷும் சேர்ந்து எரிகிற நாற்றம் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது.

இது முத்துப்பேச்சிக்கு மறுநாள் கூடை கட்டுகிற கொட்டகையில் தெரிந்தது. அங்கே வருகிற செய்தி தப்பாது. அவள் வீட்டுக்கு வந்து சுருளிவேலிடம் சொன்னாள்.

"ரெண்டு காளையப் பூட்டி அந்தச் சின்னவரு காலையில இருந்து எறைக்கிறாராம். அவரு மாங்கன்னெல்லாம் நனைஞ்சு கெடக்காம். அண்ணன்மாரு கடலையும் வாழையும் காஞ்சுக்கிட்டு நிக்கிதாம். மோட்டாருக்குப் புதுசாக் கம்பி சுத்திக் கொண்டாரக் கோயமுத்தூருக்கு அனுப்பிருக்காகளாம், இருவது நாளாகுமாம். ரெண்டு அண்ணனும் மாட்டக் குடுடா தம்பின்னு அவரு வாசல்ல நிக்கிறாகளாம்." முந்தானையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். "எரிச்ச விதத்த அவருக்குச் சொல்லிக்குடுத்தது நீங்க. வாசல்ல ஒக்காந்து, சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லிக்குடுத்தீக."

இரண்டு நாள் சுருளிவேல் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. மோட்டார் எரிச்சவன். அந்தச் சொல் மலையைச் சுற்றிக்கொண்டு இங்கேயும் வந்துவிட்டது. மில் போகும், முதலமடை போகும், கொல்லங்கோடு போகும். நாற்பத்திரண்டு வயதில் எந்த ஊரில் போய் எந்தப் பல்பை மாட்டுவது? அப்புசாமியைத் திட்டிப் பார்த்தான். சென்னிமலையின் ஈர்க்குச்சியைத் திட்டிப் பார்த்தான். எங்கே திட்டினாலும், பூட்டிய பெட்டியில் மூன்று கட்டை என்று தான் சொல்லாமல் விட்ட அந்த அரை நாள் வேலையில் வந்து நின்றது. அதை நினைக்க நினைக்கத் தன் மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது.

சனிக்கிழமை காலையில் வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. கந்தப்பன், சென்னிமலை, அப்புசாமி மூவரும் அதில் இருந்தார்கள். அப்பனுடைய பதினாறாம் நாளுக்குப் பிறகு இந்த மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்ததை ஊர் பார்த்ததில்லை. வண்டி அப்புசாமியுடையது, காளைகளும் அப்புசாமியுடையவை. கயிற்றை அவன்தான் பிடித்திருந்தான். அண்ணன்மார் பின்னால் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

கந்தப்பன் இறங்கவில்லை.

"ஏப்பா சுருளி, தம்பி கட்டையப் புடுங்குனான். அது அவன் பங்கு, புடுங்குவான். நான் எத்தன வாட்டி புடுங்கியிருப்பேன்? சென்னிமல எத்தன வாட்டி? அப்பெல்லாம் எரியாத மோட்டாரு இப்ப எதுக்கு எரியோணும்? தம்பி ஸ்டாட்டரப் பிரிச்சுப் பாத்துச் சொல்றான், காயிலு ரெண்டு கம்பியிலதான் இருந்துதாமா. நீலத்துல இல்லியாமா. அந்தக் கம்பி போனா ஸ்டாட்டருக்குத் தெரியாதாமா. அந்தக் கருமம் புடிச்ச குச்சியையும் அவன்தான் எடுத்துக் காட்டுனான். மூணு வருசமா எங்க யாருக்கும் தெரியாதது, ஒரு நாள்ல கண்டுபுடிச்சுட்டான்."

தான் சொன்ன சொற்கள், ஒன்று விடாமல், அந்தப் பெரிய மீசைக்குக் கீழேயிருந்து வருவதைச் சுருளிவேல் கேட்டுக்கொண்டு நின்றான். வண்டியின் முன்பக்கம் அப்புசாமி காளையின் கழுத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தான்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன்," என்றார் கந்தப்பன். "நீலத்தப் புடுங்குனா எரியும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிஞ்சே உட்டிருந்தா, இந்தத் தாலூக்காவுல நீ ஒரு கம்பியத் தொடக்கூடாது, நான் பாத்துக்கறேன். தெரியாமப் பண்ணியிருந்தா அது வேற."

முத்துப்பேச்சி கதவுக்குப் பின்னால் நின்றாள். எதிர் வீட்டுக்காரன் பல் குச்சியோடு வெளியே வந்தான். ஐந்து ஊரில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன் சுருளிவேல். ஏலத்தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்புகிறவன். குனிந்து பார்த்தான். தன் கைகளும் பிசைந்துகொண்டுதான் இருந்தன.

"தெரியாதுங்க, மொதலாளி," என்றான்.

சென்னிமலை ஏதோ உறுமினார். அப்போதுதான் அப்புசாமி திரும்பிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து பாடம் கேட்டவன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுருளிவேலின் கதை முடிந்துவிடும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறக்கிறான் என்று முத்துப்பேச்சி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"உடுங்கண்ணா," என்றான் அப்புசாமி. "அவருக்கு என்னங்க தெரியும், பாவம். இழுன்னா கம்பிய இழுப்பாரு. அவ்வளவுதானுங்களே."

கந்தப்பன் யோசித்தார். தலையை ஆட்டினார்.

"அதுஞ் செரிதான். ஏப்பா, திங்கக்கெழம மில்லுக்கு வந்துரு. ஆனா நீயா எதையும் பண்ணீராத. எந்தக் கம்பி எங்க போகோணும்னு தம்பி வந்து நின்னு சொல்லுவான். அவனக் கேட்டுக் கேட்டுச் செய்யி. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க," என்றான் சுருளிவேல்.

அப்புசாமி கயிற்றை இழுத்து வண்டியைத் திருப்பினான். திருப்பி முடித்ததும், எப்போதும் போல, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டு, "வர்றனுங்க வயர்மேன்," என்றான்.

சுருளிவேலும் கும்பிட்டான். வண்டி ரோட்டில் ஏறுகிறவரைக்கும் அவன் கையை இறக்கவில்லை.